நத்திங் மச்

தங்கமாரியிடம் யாரும் ஒரு கேள்வியைச் சும்மா கேட்டுவிட்டுப் போய்விட முடியாது. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது டிரைவர், "இன்னாம்மா, நல்லா கீறியா?" என்பார். அவர் பாவம், கியரைப் போடுவாரா, இவள் கதையைக் கேட்பாரா? இவளோ பின்னால் பத்துப் பேர் நிற்பதைக்கூடப் பார்க்காமல் படிக்கட்டிலேயே நின்றுகொண்டு, ராத்திரி கொசு கடித்தது, கடைவாய்ப் பல் லேசாக வலிக்கிறது, ஊரில் அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஒப்பிப்பாள். நான்தான் முதுகில் ஒரு குத்து விட்டு உள்ளே ஏற்றுவேன்.

என் பெயர் இசக்கி. அம்மன் பேரை வைத்த கையோடு அம்மனுடைய கோபத்தையும் சேர்த்து வைத்துவிட்டதாக எங்கள் வீட்டில் சொல்வார்கள். நான் பாவூர்சத்திரம் பக்கம், தங்கமாரி கடையம் பக்கம். என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஒரகடத்தில் கார் முன்விளக்கு செய்யும் கம்பெனி ஒன்றில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். லைனில் எதிரெதிரே நின்றோம். வடக்குப்பட்டில் பாஞ்சாலியக்கா வீட்டு மாடியறையில் ஒரே பாயில் படுத்தோம். இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

அந்த மூன்று வருடம்தான் எங்கள் ஒப்பந்தம். முடிந்தால் கையில் ஒரு சர்டிபிகேட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒரு லைனுக்கு ஒருவரை மட்டும் பெர்மனென்ட் ஆக்குவார்கள். எங்கள் லைனிலிருந்து அதற்கான லிஸ்ட்டுக்குப் போயிருந்தது இரண்டே பேர்தான், நானும் தங்கமாரியும். எனக்காவது டிப்ளமோ இருந்தது. இங்கே இல்லையென்றால் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் நடந்து ஏதாவது ஒரு கம்பெனி கேட்டில் நிற்கலாம். அவள் பன்னிரண்டாவதோடு நிறுத்தியவள். ஊருக்குப் போனால் அவளுக்குக் காத்திருந்தது பீடி சுற்றும் தட்டு.

"மறுபடியும் அந்தத் தட்ட மடில வைக்க மாட்டேன்க்கா. மூணு வருஷமா நிமுந்து நின்னு பழகிட்டு, பொறவு போய்க் குனிஞ்சு ஒக்கார முடியாது," என்பாள். சம்பளத்தைப் பற்றி அவள் பேசியதே இல்லை. நிமிர்ந்து நிற்பதைப் பற்றித்தான் பேசுவாள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் லைனுக்குக் கனிஷ்கா மேடம் வந்தார். மேடம் என்று சொன்னேனே தவிர, அந்தப் பிள்ளைக்கு இருபத்திரண்டு வயதுதான். சென்னையில் வளர்ந்து, பெரிய காலேஜில் படித்து, நேராக இன்ஜினியராக வந்திருந்தார். அவரோடு வந்த நாலைந்து பேரும் அதே ரகம். ஒருவன் "யோ!" என்பான், இன்னொருவன் "சப், ப்ரோ!" என்பான். பெண்ணையும் ப்ரோ என்றுதான் கூப்பிடுவார்கள். கையைக் கூப்ப மாட்டார்கள், குலுக்க மாட்டார்கள், கை முஷ்டியை முஷ்டியோடு இடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். கேட்டவனும் நிற்க மாட்டான், கேட்கப்பட்டவனும் நிற்க மாட்டான். கேள்வி மட்டும் நடுவில் அனாதையாக நிற்கும்.

கனிஷ்கா மேடம் காலை ஆறேகாலுக்கு லைனுக்குள் நுழைவார். "ஹேய் கைஸ்! வாட்ஸ் அப்? ஆல் குட்? கூல்!" மூன்று ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் கேள்வியும் அவரே, பதிலும் அவரே. எங்கள் பேரையும் வெட்டிவிட்டார். நான் இஸ்ஸி, தங்கமாரி டீ.எம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காவல்காக்கிற அம்மனை இஸ்ஸி என்றால் யாருக்குத்தான் வராது?

முதல் நாளே தங்கமாரி மாட்டிக்கொண்டாள். இல்லை, மேடம்தான் மாட்டிக்கொண்டார். "வாட்ஸ் அப், டீ.எம்.?" என்று கேட்டுவிட்டு நடந்தவரை இவள் விடவில்லை. கை, ஸ்க்ரூ முடுக்கும் கன்னைப் பிடித்தபடியே இருக்க, வாய் தமிழில் ஆரம்பித்தது.

"நல்லாருக்கேன் மேடம். ஆனா ரெண்டு நாளு ஓ.டி. பாத்ததுல குதிங்கால் வலிக்கி. வெறும் தரைல நிக்கோம்லா. நாலாம் நம்பர் ஃபேன் கடகடங்கு, எப்பத் தலைல விழும்னு தெரியல. காலைல மெஸ்ஸுல பொங்கலு, நெய்யே இல்ல."

மேடம் இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போயிருந்தார். பின்பக்கமாகவே நடந்து வந்து நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். முகத்தில் ஒரு சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. கேலி செய்கிறார் என்று நான் நினைத்தேன். எல்லாம் முடிந்ததும் "ஓ... ஓகே. கூல்," என்று போய்விட்டார்.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. அவர் கேட்பார், இவள் சொல்வாள், அவர் நிற்பார். ஒரு வாரத்தில் எங்கள் காலுக்கடியில் ரப்பர் விரிப்பு வந்தது. ஃபேனைக் கழற்றிக்கொண்டு போய்ச் சரிசெய்து மாட்டினார்கள். மெயின்டனன்ஸ்காரர்களுக்குத் திடீரென்று புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேனே தவிர, வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. கோபக்காரிக்குக் கண் எப்போதும் ஒரு பக்கமாகத்தான் பார்க்கும்.

ஒரு சனிக்கிழமை மேடத்தோடு இன்னும் இரண்டு இன்ஜினியர்ப் பையன்கள் வந்தார்கள். அதில் ஒருவன் தங்கமாரியைப் பார்த்து, "ஹேய், வாட்ஸ் அப்?" என்றான். இவள் ஊரில் மழை, கன்னின் ஒயர் முறுக்கிக்கொள்கிறது என்று தொடங்கினாள். அவன் இரண்டாவது வாக்கியத்திலேயே மற்றவனைத் திரும்பிப் பார்த்து, "ப்ரோ, சும்மா ஹாய் சொன்னேன், ரிப்போர்ட்டே படிக்கிறாங்க!" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். லைனில் பாதிப் பேர் சிரித்தார்கள். தங்கமாரியும் என்னவென்று புரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்று மத்தியானம் அறைக்கு வந்ததும் கதவைச் சாத்தினேன்.

"ஏட்டி, அவங்க அத பதிலுக்காகக் கேக்கல. அது ஒரு பேச்சுக்குக் கேக்கது. தெரியுமா தெரியாதா ஒனக்கு?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுக்கிட்டா பேசுத?"

"கேக்காங்கள்லா. கேட்டா சொல்லணும்லா. பதில் வேண்டாம்னா எதுக்குக் கேக்கணும்?"

"நம்ம ஊர்ல பையத் தூக்கிட்டுப் போனா 'எங்க தூரமா?'ன்னு கேக்காங்க. 'இந்தா, இங்கனதான்'னு சொல்லிட்டுப் போறோம்லா? பஸ் டிக்கெட்டயா எடுத்துக் காட்டுதோம்?"

"நான் காட்டுவேன்," என்றாள். சத்தியமாகக் காட்டுவாள், எனக்குத் தெரியும்.

"கோட்டிக்காரி! அவன் ஒன்னப் பாத்துச் சிரிச்சான்ட்டி. நுணலும் தன் வாயால கெடும்பாங்க. இன்னும் ரெண்டு வாரத்துல லிஸ்ட்டு போடுதாங்க. இந்த நேரத்துல ஒன்னக் கிறுக்கின்னு நெனச்சா யாரு பெர்மனென்ட் ஆக்குவா?"

நான் போனை எடுத்துத் தேடிக் கண்டுபிடித்தேன். வாட்ஸ் அப் என்றால் நத்திங் மச் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நான் கனிஷ்கா மேடம் மாதிரி கையை ஆட்டிக்கொண்டு கதவுப் பக்கத்திலிருந்து வந்து "வாட்ஸ் அப், டீ.எம்.?" என்பேன். அவள் பாயில் நின்றுகொண்டு "நத்திங் மச், மேடம்" என்பாள். சொல்லி முடித்தும் வாய் துடிக்கும். நான் விரலைக் காட்டுவேன், மூடிக்கொள்வாள். துணி காயப்போட வந்த பாஞ்சாலியக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னா கூத்துடி இது? டிராமா ஆடிக்கினு கீறீங்க? கீய வந்து தண்ணி புடிங்கடி," என்று சத்தம் போட்டுப் போனார்.

"அதுக்கு மேல ஒரு வார்த்த வந்துச்சு, சங்க அறுத்துருவேன்," என்று சொல்லி ஒத்திகையை முடித்தேன்.

திங்கட்கிழமை காலை. "வாட்ஸ் அப், டீ.எம்.?"

"நத்திங் மச், மேடம்."

ஏற்கெனவே நின்றுவிட்டிருந்த மேடத்தின் முகம் ஒரு நொடி என்னவோ போலானது. பிறகு "கூல்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார். எனக்கோ வெற்றி. எதிரில் நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். செவ்வாய் அதே கதை, புதன் அதே கதை. தங்கமாரி மட்டும் சோறு இறங்காதவள் மாதிரி இருந்தாள். லைனில் சொல்லாததையெல்லாம் பஸ்ஸில் வந்து என் காதில் கொட்டினாள்.

வியாழக்கிழமை டீ பிரேக் முடிந்து கொஞ்ச நேரத்தில் மேடம் இன்னொரு முறை லைனுக்கு வந்தார். அதே கேள்வி. தங்கமாரி வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். நான் முறைத்தேன். "நத்திங் மச்," என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளைத் தட்டினாள்.

"எக்கா, ஒண்ணு சொல்லட்டா? டீ குடிச்சிட்டு வந்த பொறவு கன்னு சத்தம் சரியில்லக்கா. ஸ்க்ரூ முறுகி முடியும்போது டக்குன்னு வரும்லா, இன்னைக்கு அது தொக்குன்னு வந்துச்சு."

எனக்குத் தலைவலி. "வாய மூடிட்டுத் தூங்குட்டி. கன்னு சத்தத்தயும் கொண்டாந்து என் காதுல ஊதாத."

அவள் மூடிக்கொண்டாள். ஜன்னலில் தலையைச் சாய்த்து வல்லக்கோட்டை போகிற பாதயாத்திரைக்காரர்களை எண்ணிக்கொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை போனால் லைன் ஓடவில்லை. முந்தின நாள் செய்த விளக்குகள் அறுநூற்றுச் சொச்சம், எல்லாவற்றையும் சுற்றி மஞ்சள் டேப் கட்டி வைத்திருந்தார்கள். தண்ணீர் சோதனையில் நாலு விளக்குக்குள் ஆவி பிடித்திருந்தது. காரணம், ஸ்க்ரூ சரியாக இறுகவில்லை. ஸ்க்ரூ போட்ட ஸ்டேஷன் தங்கமாரியுடையது. பதினோரு மணிக்கு லாரி போக வேண்டும். அறுநூறையும் பிரித்து மாட்டினால் இரண்டு நாள். அதுவரைக்கும் கார் கம்பெனியில் லைன் நின்றுவிடும்.

எங்கள் இரண்டு பேரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் இருந்தார், கனிஷ்கா மேடம் இருந்தார், சூப்பர்வைசர் ராஜசேகர் இருந்தார். ராஜசேகர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை, ஆனால் டார்கெட் என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளையையும் பார்க்க மாட்டார்.

"கன்ன கைல புட்சிக்கினு இருந்தது நீதானம்மா? உனுக்குத் தெரியாம எப்டி போவும்? எப்போலேந்து இப்டி ஆச்சு? சொல்லு. கல்லு மாரி நின்னுகினு இருந்தா எப்டி? லிஸ்ட்டுல பேரு வேற கீது உனுக்கு!"

தங்கமாரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வருடத்தில் அவள் பேசாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கனிஷ்கா மேடம் போனைக் கவிழ்த்து வைத்தார். நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். "டீ.எம்.," என்றார், சத்தமே இல்லாமல். "வாட்ஸ் அப்?"

தங்கமாரி நிமிர்ந்தாள். அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பேசலாமா என்று என்னிடம் உத்தரவு கேட்கிறாள், பாவி மகள்! வேலை போகப் போகிறது, பீடித்தட்டு கண்முன்னால் நிற்கிறது, அப்போதும் நான் சொன்ன சொல்லைத் தாண்டவில்லை. நான் அங்கேயே உடைந்துவிட்டேன்.

"நாந்தான் சார் அவ வாய அடச்சேன்," என்றேன். "என்ன கேட்டாலும் நத்திங் மச்சுன்னு மட்டும் சொல்லுன்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். நேத்து பஸ்ஸுல எங்கிட்ட சொன்னா, கன்னு சத்தம் மாறிட்டுன்னு. நாந்தான் தூங்குன்னு அதட்டினேன். தப்பு எம்மேலதான். அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

ராஜசேகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்டியா கத? ரெண்டு பேரும் ஒரே லிஸ்ட்டுல கீறீங்க. அவ வாயைக் கட்டிப் போட்டா யாருக்கு லாபம்னு எனுக்குத் தெரியாதா?"

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அப்படி நினைத்துச் செய்யவில்லை. ஆனால் அந்த லிஸ்ட் என் மனசின் எந்த மூலையிலும் இல்லவே இல்லை என்று முருகன் சன்னிதியில் சூடம் அணைத்துச் சொல்வேனா என்று கேட்டால், சொல்ல மாட்டேன். அவருக்குப் பதிலைத் தங்கமாரிதான் சொன்னாள்.

"சார், இந்த அக்கா அப்படிப்பட்டவ இல்ல. ஒரு நா என்னப் பாத்துச் சிரிச்சிட்டாங்க. அது அவளுக்குப் பொறுக்கல. அவ்ளோதான்."

"சொல்லுட்டி," என்றேன். "எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

மடை திறந்தது. டீ பிரேக் வரைக்கும் சத்தம் சரி. பிரேக் முடிந்து முதல் டிராலி சரி. இரண்டாவது டிராலி சரி. மூன்றாவது டிராலியில் மூலை உடைந்த நீல ட்ரே ஒன்று வந்தது, அதிலிருந்துதான் சத்தம் தொக்கு. அப்போது ராஜசேகர் சார் பச்சை டம்ளரில் டீ குடித்துக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். ஷிப்ட் முடிய அதையும் சேர்த்து மூன்று டிராலிதான் இருந்தது. அதற்கு முன்னால் செய்தது எல்லாமே நல்ல விளக்குதான்.

"இத எங்கிட்ட வந்து சொல்லறதுக்கு இன்னாம்மா?" என்றார் ராஜசேகர்.

"நீங்க கேக்கலியே சார். கேக்காத எடத்துல போய் என்னத்தச் சொல்ல? மேடந்தான் தெனமும் கேப்பாங்க."

கனிஷ்கா மேடம் எழுந்தே விட்டார். நீல ட்ரேயின் நம்பரைத் தேடி, அதற்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து விளக்காக எடுத்துச் சோதித்தார்கள். அவள் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. முன்னால் செய்தது அத்தனையும் இறுக்கம், பின்னால் செய்தது அத்தனையும் தளர்வு. எழுபத்திரண்டு விளக்கைத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. மீதி பதினோரு மணி லாரியில் ஏறியது.

மேனேஜர் முன்னால் கனிஷ்கா மேடம் சொன்னதை நான் மறக்க மாட்டேன். "சார், நான் இங்க வந்து மூணு மாசம் ஆச்சு. டெய்லி நூறு பேர்கிட்ட வாட்ஸ் அப் கேக்கறேன். பதில் சொன்னது இவங்க ஒருத்தங்கதான். மேட், ஃபேன், எல்லாம் இவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். மண்டே திடீர்னு நத்திங் மச்னாங்க. எங்கிட்ட கோவம்னு நினைச்சுட்டேன். நின்னு என்னன்னு கேட்டிருக்கணும். கேக்கல. அது என் தப்புதான்."

ரப்பர் விரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு மாதத்துக்கும் மேலாக அதன் மேல் நின்றுகொண்டேதான் அந்தப் பிள்ளையைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன்.

அடுத்த வாரம் பெர்மனென்ட் ஆனவர்களின் லிஸ்ட்டை ஒட்டினார்கள். தங்கமாரி பேர் இருந்தது. என் பேர் இல்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை, அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. அவள் நோட்டீஸ் போர்டிலிருந்து நேராக என்னிடம் வந்து, "எக்கா, நீ இல்லாம நான் மட்டும் என்னத்துக்கு? எனக்கு வேண்டாம்னு சொல்லிருதேன்," என்றாள்.

"செருப்பு பிஞ்சிரும்," என்றேன். "நிமுந்து நிக்கணும்னியே, நில்லு."

எனக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறு கம்பெனியில் கிடைத்தது. இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால் அங்கேயே ஹாஸ்டல். முப்பதாம் தேதி கடைசி ஷிப்ட். பாஞ்சாலியக்கா காலையிலேயே எனக்கென்று தனியாக வடை சுட்டு, "அங்க போயி யார் கூடயும் சண்ட வலிக்காத, இன்னா?" என்று பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தார்.

இரண்டரை மணிக்கு ஐ.டி. கார்டைக் கொடுத்துவிட்டு நானும் தங்கமாரியும் கேட்டுக்கு வந்தோம். கனிஷ்கா மேடம் எதிரில் வந்தார். வழக்கம்போல வேகமாக, வழக்கம்போலக் கையை ஆட்டிக்கொண்டு. "ஹேய் இஸ்ஸி! வாட்ஸ் அப்?"

"நத்திங்..." என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. அவர் போகவில்லை. நின்றார்.

"இன்னைக்கு எனக்குக் கடைசி நாளு மேடம்," என்றேன். "வடை இருக்கு, தொண்டைல எறங்கல. நாளைக்குக் காலைல நாலரைக்கு இவள எழுப்ப ஆளில்ல. அலாரம் வச்சா இவளுக்குக் கேக்காது, காலப் புடிச்சு இழுக்கணும். பஸ்ஸுல முதுகுல குத்தி ஏத்தணும், இல்லன்னா டிரைவர்ட்ட கத சொல்லிட்டே நிப்பா. மோர் குடிச்சா சளி புடிக்கும், ஆனா குடிப்பா. எனக்குப் புது எடத்துல யாரையும் தெரியாது. பயமா இருக்கு. நீங்க என்ன இஸ்ஸின்னு கூப்பிட்டது எனக்குப் புடிக்கல மேடம். இனி அப்படிக் கூப்பிடவும் ஆளில்ல. இவ பேசுறப்போ யாராவது சிரிச்சா, ஏன்டா சிரிக்கன்னு கேக்க நான் இருக்க மாட்டேன். நீங்க கேப்பீங்களா?"

"கேப்பேன்," என்றார். அவரைக் கூட்டிப்போக நின்றிருந்த கார் ஹாரன் அடித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேற?"

வேறு இருந்தது. சொன்னேன். எங்கள் பஸ் ஒன்று போனது, அடுத்ததும் வந்து நின்றது. வெயிலில் மூன்று பேரும் நின்றுகொண்டே இருந்தோம். நான் நிறுத்தியபோது தங்கமாரி துப்பட்டாவால் என் முகத்தைத் துடைத்தாள்.

"இம்புட்டயும் உள்ள வச்சுக்கிட்டா, எக்கா, என்னய நத்திங் மச்சுன்னு சொல்லச் சொன்ன?"

"வாய மூடுட்டி," என்றேன். பிறகு, அவள் உடனே மூடிக்கொள்வாளோ என்று பயந்துபோய், "மூடாத," என்றேன்.